கம்பாட்டிபிலைசர் பேட்ச் குறைபாடு குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

நைலான் 6-ஐயும் பாலிபுரோப்பிலீனையும் கலந்து பம்ப் உறைகள் வார்க்கும் சிறு தொழிற்கூடம் எங்களுடையது. இவ்விரண்டும் தாமாக ஒன்றோடொன்று சேராதவை என்பதால், இரண்டையும் இணைத்து வைக்கும் கம்பாட்டிபிலைசராக, மலேயிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளைச் சங்கிலியில் ஒட்டிய பாலிபுரோப்பிலீனை உங்களிடம் தொடர்ந்து வாங்கி, கலவையில் 5 சதவீதம் சேர்த்து வருகிறோம். கடைசியாக வந்த பேட்சைச் சேர்த்து வார்த்த உறைகளில், உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாயான கேட் அருகே நகத்தால் கீறினாலே மேற்பரப்பு வெங்காயச் சருகு போல உரிகிறது. திருகாணியை முடுக்கும்போது காதுப் பகுதி உடைகிறது.

நைலானில் ஈரம் இருந்திருக்கும் என்று உங்கள் தொழில்நுட்ப அலுவலர் தொலைபேசியில் கூறியதை எங்களால் ஏற்க இயலாது. 80 டிகிரி செல்சியசில் உலர்த்திய அதே நைலானோடு, உருக்கிக் கலக்கும் அதே எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில், கையிருப்பிலிருந்த பழைய பேட்சைச் சேர்த்து ஓட்டியபோது உரிதல் சிறிதும் இல்லை. பிறகு இரு கலவைகளின் துண்டுகளையும் தனித்தனியே ஃபார்மிக் அமிலத்தில் இட்டுப் பார்த்தோம். பழைய பேட்ச் சேர்ந்தது வெண்மையாகக் கலங்கி நெடுநேரம் அப்படியே நின்றது; புதியதிலோ நைலான் கரைந்து திரவம் தெளிந்துவிட, பாலிபுரோப்பிலீன் தனியே மேலே மிதந்தது. அன்ஹைட்ரைடு நைலான் சங்கிலியின் முனையிலுள்ள அமீனோடு வினைபுரிந்து, இரு பிளாஸ்டிக்குகளும் சந்திக்கும் பரப்பில் இரண்டின் சங்கிலிகளும் பிணைந்த இணைபாலிமரை உண்டாக்கினால்தான், மோல்டிங் இயந்திரத்தில் கலவை மீண்டும் உருகும்போது ஒன்றினுள் ஒன்றாகச் சிதறியுள்ள நுண்துளிகள் ஒன்றுகூடிப் பெரிதாகாமல் இருக்கும். அந்த வினை இந்தப் பேட்சில் போதிய அளவு நடக்கவில்லை என்பதையே இச்சோதனை காட்டுகிறது.

மூட்டையைத் திறந்தவுடன் கண்ணைக் கரிக்கும் நெடி வருவதால், சங்கிலியில் ஒட்டாத அன்ஹைட்ரைடு இதில் மிகுதியாகத் தங்கியிருக்கக்கூடும் எனக் கருதுகிறோம். அது நைலானின் அமீன் முனைகளை வீணே பிடித்துக்கொள்வதோடு, மூட்டையைக் கையாளும் தொழிலாளர்களின் உடல்நலத்தையும் பாதிக்கும் என்பதால் இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் அனுப்பிய சோதனைச் சான்றிதழிலோ, உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு எளிதாக ஓடும் எனக் காட்டும் உருகு ஓட்டக் குறியீடு மட்டுமே உள்ளது; நாங்கள் எதற்காக விலை கொடுக்கிறோமோ அந்த ஒட்டிய அன்ஹைட்ரைடின் அளவு எங்கும் குறிப்பிடப்படவில்லை.

எனவே, மீதமுள்ள மூட்டைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும், கழிவாகிப்போன உறைகளுக்கான மூலப்பொருள் செலவையும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்களிடம் எடுத்து வைத்துள்ள மாதிரிகளை உங்கள் ஆய்வகத்திலோ, இரு தரப்பும் ஏற்கும் வேறோர் ஆய்வகத்திலோ சோதிக்கச் சம்மதிக்கிறோம். இனி வரும் ஒவ்வொரு பேட்சின் சான்றிதழிலும் ஒட்டிய அன்ஹைட்ரைடு, ஒட்டாத அன்ஹைட்ரைடு ஆகிய இரண்டின் அளவும் இடம்பெற வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
உற்பத்திப் பொறுப்பாளர்

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், சோதனைச் சான்றிதழ் நகல், உரிந்த உறைகளின் புகைப்படங்கள்