கை நனைப்பதும் கை கழுவுவதும் ஒன்றா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொலைக்காட்சித் தொடரில் சம்பந்தியம்மாள், "இந்த வீட்டில் நான் கை நனைக்க மாட்டேன்" என்கிறாரே, அதற்கு என்ன பொருள் என்று சென்ற இதழ் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகி கேட்டிருந்தார். "கை கழுவ மாட்டேன், அதாவது உறவைக் கைவிட மாட்டேன்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

கை நனைப்பது என்றால் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. நனைக்க மாட்டேன் என்றால், உங்கள் உறவே வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வது. உங்களுக்குத் தெரியாததா இது?

என் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது, "பேசி முடியட்டும், அப்புறம் கை நனைக்கிறோம்" என்று மாப்பிள்ளையின் அப்பா போட்ட இலையில் உட்காராமலே கிளம்பிவிட்டார். கரண்டியும் கையுமாக அம்மா அப்படியே நின்றார். அடுத்த முறை வந்து அவர்கள் பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் அப்பாவின் முகம் தெளிந்தது. சம்பந்தம் உறுதி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இதை என் பேத்தியிடம் சொன்னால், "பத்திரிகையில் வேறு மாதிரி போட்டிருக்கிறதே தாத்தா" என்கிறாள். அச்சில் வந்ததற்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை.

முன்பு ஒருமுறை, ‘கடுக்காய் கொடுத்துவிட்டான்’ என்பதற்கு மருந்து கொடுத்தான் என்று எழுதினீர்கள். ஏமாற்றிவிட்டான் என்று திருத்தி அன்றே கடிதம் போட்டேன். பதில் இல்லை. மொழிமாற்றுத் தொடர்களில் காலைக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே ‘நாளின் முடிவில்’ என்று பேசுகிறார்கள். ‘கடைசியில் பார்த்தால்’ என்று நாம் சொல்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று புரியவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதைப் பற்றி எழுதியதும் வெளிவரவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதிகளாக 1936-லேயே நிறைவுபெற்றுவிட்டது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992 முதல் இருக்கிறது. மரபுத்தொடர்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு பொருள் சொல்கிறது. இவற்றைப் புரட்ட நேரமில்லை என்றால் வீட்டில் இருக்கும் பெரியவர்களையாவது கேட்டிருக்கலாம்.

வரும் இதழில், அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். என் பேத்திக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்