மருந்து அளவுப் பரிசோதனை மாவட்டத்திலேயே வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். உடல் உறுப்பு தானம் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது பெருமைக்குரிய முடிவு. ஆனால், உறுப்பைப் பெற்றவரின் பாடு அறுவை சிகிச்சையோடு முடிவதில்லை. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தாக்காமல் இருக்க, டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். மருந்தே இல்லாமல் உடல் அதை ஏற்றுக்கொள்ளும் நிலை, மிகச் சிலருக்குத்தான் இதுவரை கைகூடியிருக்கிறது. ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு குறைந்தால் மாற்று உறுப்பை உடல் நிராகரிக்கக்கூடும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின்கூட இந்த அளவை வெகுவாகக் குறைத்துவிடும். அதனால்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை அவசியம்.

காலை மாத்திரை போடுவதற்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்ற என் தம்பி, இதற்காகவே தென்காசியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து சென்னை போகிறான். இந்த மாத்திரைகளால் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களை நெரிசலான பேருந்தில் இப்படி அலையவிடுவது சரியா? இந்த ரத்த மாதிரி ஓரிரு நாளில் கெட்டுவிடாது. எனவே, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேயே ரத்தம் எடுத்து, வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை நோயாளிக்கும் அவருடைய மருத்துவருக்கும் கைபேசியில் தெரிவிக்க மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், தென்காசி