தொடங்க மறுக்கும் கணினியும் உள்ளே விட்டுவைத்த பழைய ஹார்டு டிஸ்க்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடங்க மறுக்கும் கணினிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பது, ராமைக் கழற்றித் துடைத்து மாட்டுவது, அதற்கும் சரியாகாவிட்டால் விண்டோஸை மறுபடி நிறுவுவது, கடைசியில் மதர்போர்டை மாற்றுவது என்று அதில் தந்திருந்த வரிசையில், கூடுதலாக இணைத்திருக்கும் பழைய ஹார்டு டிஸ்க் ஓரிடத்திலும் பேசப்படவில்லை. கணினி பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இதைச் சிறிய விடுபடலாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. புதிதாக எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத, வேகமான சேமிப்பகம்) வாங்கிப் பொருத்தியவர்களில் பலர், படங்களும் ஆவணங்களும் பழைய வட்டிலேயே இருக்கட்டும் என்று அதையும் அதே பெட்டிக்குள் விட்டுவைக்கிறார்கள். அந்த வட்டு தளரத் தொடங்கினால், விண்டோஸ் முழுவதும் எஸ்எஸ்டியில் இருந்தாலும்கூட, கணினி தொடங்குவது தடைபடக்கூடும்.

தொடக்கத்துக்குத் தேவையே இல்லாத வட்டு எப்படித் தொடக்கத்தைத் தடுக்கும் என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். பவர் பொத்தானை அழுத்தியதும், விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் தொடக்க நிரலான பயாஸ் தன்னோடு இணைந்துள்ள ஒவ்வொரு வட்டையும் அழைத்து, அதன் வகை, கொள்ளளவு முதலிய விவரங்களைக் கேட்கிறது. வட்டால் உடனே பதில் சொல்ல முடியாது. அதன் மோட்டார் முழு வேகத்தை எட்ட வேண்டும். தன்னை இயக்கும் உள்நிரலின் ஒரு பகுதியையும் சுழலும் தகட்டிலிருந்தே அது படித்தெடுக்க வேண்டும். அதுவரை, தான் வேலையில் இருப்பதாக மட்டுமே அது குறி காட்டிக்கொண்டிருக்கும். ரீசெட் செய்யப்பட்ட வட்டு தயாராவதற்கு, வட்டும் கணினியும் பேசிக்கொள்ளும் முறையை வகுக்கும் ஏடிஏ தரநிலை 31 நொடிகள் வரை அவகாசம் தருகிறது. நல்ல நிலையிலுள்ள வட்டு அதற்கு வெகுமுன்பே பதில் சொல்லிவிடும். மோட்டாரோ தகடோ கெடத் தொடங்கிய வட்டு அவகாசம் முழுவதையும் விழுங்கும். பயாஸும் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்கும் வகையாக இருந்துவிட்டால், நிமிடக்கணக்கில் திரையில் தயாரிப்பாளரின் சின்னம் மட்டுமே நிற்கும். சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 வகை வட்டுகளில் ஒரு பகுதி, உள்நிரல் கோளாறால் இந்த 'வேலையில் இருக்கும்' நிலையிலேயே உறைந்துபோய்ப் பயாஸின் பார்வைக்கே படாமல் போனதையும், 2009இல் அந்நிறுவனம் திருத்திய உள்நிரலை வெளியிட்டதையும் வாசகர்களில் சிலர் அறிந்திருப்பார்கள்.

ஆகவே கட்டுரையின் வரிசையில் விண்டோஸை மறுபடி நிறுவுவதற்கு வெகுமுன்பாக ஒரு சோதனை இடம்பெற வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, விண்டோஸ் உள்ள வட்டைத் தவிர மற்ற எல்லா வட்டுகளின் டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்ற வேண்டும். யுஎஸ்பியில் தொங்கும் வெளி வட்டும் இதில் அடங்கும். அதிலிருந்து பூட் செய்ய, அதாவது கணினியைத் தொடங்க, முயன்றபடி, கறுத்த திரையில் மினுங்கும் ஒரு கோட்டோடு நின்றுவிடும் பயாஸ்கள் இருக்கின்றன. டேட்டா கேபிளை மட்டும் கழற்றினால் போதாதா என்றால், போதாது. வட்டின் சர்க்யூட் பலகையில் மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்குவதற்காக வைத்திருக்கும் டையோடு ஷார்ட் ஆகியிருந்தால், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள உடனே அணைந்துவிடும். காற்றாடி ஒரு முறை அசைந்து நிற்பதைக் கண்டு மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் பலர். தவிர, 3.5 அங்குல வட்டு சுழலத் தொடங்கும் தருணத்தில் 12 வோல்ட் இணைப்பிலிருந்து ஏறத்தாழ 2 ஆம்பியர் வரை இழுக்கும். வயதான எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டு மூன்று வட்டுகள் ஒரே நொடியில் சுழலத் தொடங்கினால், அந்தச் சுமையே கணினியைத் தடுமாற வைக்கும்.

கழற்றியபின் கணினி ஒழுங்காகத் தொடங்கினால், வட்டு செத்துவிட்டது என்று அப்போதே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. கேபிளையும் மதர்போர்டில் அது செருகியிருந்த இடத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். வட்டு தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில், 199ஆம் எண்ணுள்ள சிஆர்சி பிழைக் கணக்கு (கேபிள் வழியே செல்லும்போது தரவு பிழைபட்ட தடவைகள்) ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிளே குற்றவாளி. எந்த வட்டிலிருந்து முதலில் தொடங்குவது என்று பயாஸில் குறித்துள்ள பூட் வரிசையையும் பார்க்க வேண்டும். மதர்போர்டின் சிமாஸ் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் அழிந்துபோனால், பழைய வட்டு வரிசையில் முதலிடத்துக்கு வந்துவிடக்கூடும். அதில் விண்டோஸ் எக்ஸ்பி காலத்துத் தொடக்கப் பதிவு மிஞ்சியிருந்தால் 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்' (தொடக்கக் கோப்பைக் காணவில்லை) என்ற செய்தி வரும். இங்கே பழுது என்று எதுவுமே இல்லை, வரிசை மட்டுமே பிசகியிருக்கிறது. பழைய வட்டை எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுத்துவிட்டு இரண்டையும் மாட்டியே வைத்திருப்பவர்களுக்கு வேறொரு குழப்பம்: இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். பட்டைக் கேபிள் கொண்ட ஐடிஇ வட்டை இன்னும் பயன்படுத்துகிறவர்கள், ஒரே கேபிளில் உள்ள இரண்டு வட்டுகளில் ஒன்றின் ஜம்பர் (வட்டின் பின்புறமுள்ள சிறு செருகி) மாஸ்டரிலும் மற்றதன் ஜம்பர் ஸ்லேவிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மேற்சொன்ன சோதனை நேர்மாறான விளைவையும் தரலாம் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதுவரை தாமதமாகவேனும் தொடங்கிக்கொண்டிருந்த கணினி, பழைய வட்டைக் கழற்றியதும் பூட் செய்ய எதுவுமே இல்லை என்று நின்றுவிடும். எஸ்எஸ்டி கெட்டுவிட்டதாக எண்ணி அதை அழித்து மறுபடி நிறுவ முனைவது இந்த இடத்தில்தான். உண்மையில், பழைய வட்டு மாட்டியிருந்தபடியே விண்டோஸை எஸ்எஸ்டியில் நிறுவியபோது, அந்த வட்டில் ஏற்கெனவே இருந்த சிறிய சிஸ்டம் பார்ட்டிஷனிலேயே (தொடக்கக் கோப்புகளுக்கென ஒதுக்கிய பகுதி) நிறுவுநிரல் தொடக்கக் கோப்புகளை வைத்திருக்கும். விண்டோஸ் ஓரிடம், அதைத் தொடங்கிவைக்கும் கோப்புகள் வேறிடம் என்று பிரிந்துபோன நிலை இது. விண்டோஸ் நிறுவல் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, எஸ்எஸ்டியில் ஒரு சிஸ்டம் பார்ட்டிஷனை ஏற்படுத்தி, பிசிடிபூட் கட்டளையால் அந்தக் கோப்புகளை அங்கே புதிதாக எழுதிவிட்டால் பழைய வட்டின் பிடி விலகிவிடும். எவருடைய கோப்பும் அழிய வேண்டியதில்லை.

விண்டோஸின் சின்னம் வந்தபிறகு ஏற்படும் தாமதம் வேறு வகை. பழைய வட்டைச் சரிபார்ப்பதாகச் சொல்லி விண்டோஸ் செக்டிஸ்க்கை ஓட்டத் தொடங்கினால், அது தரும் சில நொடிகளுக்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்தி அதைத் தவிர்த்துவிட வேண்டும். தளர்ந்த வட்டை மணிக்கணக்கில் மேய்ந்து, அதன்மேல் எழுதவும் செய்யும் அந்தச் சரிபார்ப்பு, மீட்கக்கூடிய கோப்புகளையும் மீட்க முடியாமல் ஆக்கிவிடலாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 7, 11, 129, 153 ஆகிய எண்களில் வட்டு சார்ந்த பதிவுகள் தொடர்ந்து வந்தால் சந்தேகம் உறுதிப்படும். லினக்ஸில், இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் குறித்துள்ள வட்டு பதில் தராவிட்டால், தொடக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடிகள் காத்திருந்து, பிறகு அவசரநிலைத் திரையில் விட்டுவிடும். அந்த வரியில் நோஃபெயில் என்று சேர்த்தால் வட்டு இல்லாமலேயே தொடங்கும்.

பழுதான வட்டு இதுதான் என்று தெரிந்தபிறகு, அதை மாட்டிவைத்துக் கணினியை மறுபடி மறுபடி தொடங்கிப் பார்ப்பதை மக்கள் நிறுத்த வேண்டும். கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் ஸ்கேன் பிழை (வட்டு தன் தகட்டைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை) தோன்றிய வட்டு அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழையற்ற வட்டைவிட 39 மடங்கு அதிகம். பழுதான வட்டுகளில் 56 விழுக்காடு, முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே பழுதாயின என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகையால் ஸ்மார்ட் அறிக்கை 'நலம்' என்று சொன்னாலும், தொடக்கத்தில் தடுமாறும் வட்டை நம்பிக் கோப்புகளை அதில் விட்டுவைக்கக் கூடாது. படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பும் டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் வேறொரு நல்ல வட்டுக்கு முழுவதையும் நகலெடுத்துவிட்டு, மீட்பு வேலையை அந்த நகலில் செய்யலாம். வட்டிலிருந்து டிக் டிக் என்று ஓசை வந்தால் இதைக்கூட முயலாமல், தரவு மீட்பு ஆய்வகத்திடம் கொடுப்பதே நல்லது.

கேபிளோ பூட் வரிசையோதான் காரணம் என்று தெளிவாகி, வட்டு நல்ல நிலையிலேயே இருந்தால் அதை வீசிவிட வேண்டியதில்லை. தனியாக மின்சாரம் தரும் யுஎஸ்பி டாக்கில் பொருத்தி, கணினி முழுவதும் தொடங்கியபின் தேவையானபோது மட்டும் இணைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டுமென்றால், பூட் வரிசையில் விண்டோஸ் உள்ள எஸ்எஸ்டியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கிவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்