ஊசி குத்தினால் பயப்படாமல் சொல்லலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பின்னால் உள்ள காலி மனையில் மாணவன் ஒருவனின் விரலில் அங்கே கிடந்த சிரிஞ்சு ஊசி குத்திய விவரம் தங்களுக்குத் தெரியும். பெற்றோர் கையெழுத்திட்ட மனுவும் தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அந்த மாணவன் என் அண்ணன் மகன். மனு கொடுத்த பிறகு வேலியில் முள்கம்பி கட்டினார்கள், அந்தப் பக்கம் போகக் கூடாது என்றார்கள். ஊசியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் இன்றுவரை ஒரு பிள்ளைக்கும் யாரும் சொல்லவில்லை.

அவன் சிரிஞ்சை எடுத்தது தண்ணீர் பீய்ச்சி விளையாட. நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். முனையில் இருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்திருக்கிறான். அது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. ரத்தத்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டான். வீட்டிலும் வாய் திறக்கவில்லை. மறுநாள் இரவு ரசம் சாதம் பிசையும்போது விரல் எரிய, கையை உதறியவனிடம் என்னவென்று கேட்டேன். அப்போதுதான் அழுதுகொண்டே சொன்னான். அம்மாவுக்குத் தெரிந்தால் அடிப்பார் என்று கெஞ்சினான்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, குத்தி எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதுதான். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தெருவில் கிடந்த ஊசியால் எச்.ஐ.வி. வருவது மிக மிக அரிது என்று அவர் ஆறுதலும் சொன்னார். ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாட்கள்கூட உயிரோடு இருக்கக்கூடியது. அதற்கு எதிராகப் பிறந்த உடனும் 6, 10, 14 வாரங்களிலும் போட்ட தடுப்பூசிகளின் அட்டையை அண்ணி பத்திரமாக வைத்திருந்ததால் கொஞ்சம் மூச்சு வந்தது. இருந்தாலும் மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனைக்குப் போய் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் முடிவு கைக்கு வரும்வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஒரு பகலும் இரவும் வீணாகக் கழிந்ததற்குக் காரணம் ஒன்றுதான். சொன்னால் அடி விழும் என்று அவனுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது.

ஐயா, நான் கேட்பது ஒரே ஒரு வகுப்பு. ஊசியைக் கண்டால் தொடாதே, காலாலும் தள்ளாதே, கூட இருப்பவர்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு ஆசிரியரைக் கூப்பிடு. குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு, விரலைப் பிதுக்காதே, வாயில் வைத்து உறிஞ்சாதே, உடனே பெரியவர்களிடம் சொல். இவ்வளவுதான் பாடம். வந்து சொல்லும் பிள்ளையைத் திட்டவும் அடிக்கவும் கூடாது என்பதை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதையெல்லாம் பேசினால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் பதில் வந்தது. நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றியும் குழந்தைகள் உதவி எண் 1098 பற்றியும் சொல்லிக்கொடுத்தபோது பிள்ளைகள் பயந்து ஓடவில்லையே. தெளிவாகத்தானே கேட்டுக்கொண்டார்கள்?

ஊசி அங்கே எப்படி வந்தது என்பதையும் கேட்கத்தான் வேண்டும். கிளினிக்குகளும் மருத்துவமனைகளும் ஊசிகளைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள். வீடுகளில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களின் ஊசி அபாயகரமான வீட்டுக் கழிவு என்றும், அத்தகைய கழிவைப் பெற 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும் என்றும் அதே ஆண்டின் திடக்கழிவு விதிகள் சொல்லின. எங்கள் ஊரில் அது எங்கே என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. குப்பைப் பையில் கிடக்கும் ஊசி முதலில் குத்துவது தூய்மைப் பணியாளரின் கையைத்தான். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு நெல்லையில் கொட்டப்பட்டபோது, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, லாரி லாரியாகத் திருப்பி அனுப்ப முடிந்தது. காலி மனையில் கிடக்கும் ஒற்றை ஊசிக்கு எந்தத் தீர்ப்பாயம் வரும்? போதைக்காக வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றிக்கொண்டு ஊசியை எறிந்துவிட்டுப் போகும் இளைஞர்களைப் பற்றிக் காவல்துறைக்கும் எழுதியிருக்கிறோம்.

இவை தங்கள் துறையின் வேலை அல்ல என்பது எனக்குத் தெரியும். கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மற்ற துறைகள் விழித்துக்கொள்ளும்வரை பிள்ளைகள் விளையாடாமல் இருக்க மாட்டார்கள். அந்த ஒரு வகுப்பு தங்கள் கையில் இருக்கிறது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே, காலை வழிபாட்டுக் கூட்டத்திலும் வகுப்பிலும் இதைச் சொல்லிக்கொடுக்குமாறு மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன். பள்ளிக்கு வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழுவின் மருத்துவரையே பேசச் சொன்னால் இன்னும் நல்லது. சுற்றறிக்கையின் நகல் ஒன்று எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் வந்தால், பெற்றோரிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவனின் அத்தை