ஒன்பதாம் வகுப்பின் ஜூன் மாதத்தை எங்களுக்குக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்கோடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 17 ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் உங்கள் நாளிதழில் மாவட்டவாரித் தேர்ச்சிப் பட்டியல் வருகிறது. தருமபுரிக்கு எத்தனையாவது இடம், கிருஷ்ணகிரிக்கு எத்தனையாவது இடம் என்று டீக்கடை வரைக்கும் அதே பேச்சு. அப்புறம் ஜூனில் பத்தாம் வகுப்புக்குக் காலையில் ஒரு சிறப்பு வகுப்பு, மாலையில் ஒன்று, சனிக்கிழமை தேர்வு. எல்லாம் நல்ல மனதோடுதான் நடக்கிறது. ஆனால் கணக்கில் தவறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்கு ஒரு வருடம் முன்பே, ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்திலேயே விழுந்துவிடுகிறார்கள். அப்போது அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

பள்ளி திறந்த முதல் வாரம் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு சின்னத் தேர்வு வைப்பேன். மதிப்பெண் போட மாட்டேன். −7 + 3 எவ்வளவு என்று கேட்டால், போன ஜூனில் 42 பேரில் பாதிக்கும் மேல் −10 என்று எழுதினார்கள். 3 எக்ஸ் + 5 என்று கொடுத்தால் 8 எக்ஸ் என்று முடித்துவிடுகிறார்கள். 3 எக்ஸ் = 15 என்றால், “அந்தப் பக்கம் போனா குறி மாறும் மிஸ்” என்று 3-ஐக் கழித்து 12 என்கிறார்கள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அதில் எனக்குக் குறை இல்லை. எங்கள் ஊரில் பிள்ளைகள் பள்ளியில் இருப்பதே பெரிது. ஆனால் பிள்ளைகளோடு சேர்ந்து இந்த ஓட்டைகளும் வகுப்பு ஏறி வருகின்றன.

பாடப்புத்தகத்தில் இயற்கணிதம் மூன்றாவது இயல். பல்லுறுப்புக் கோவை, மீதித் தேற்றம், காரணித் தேற்றம், முற்றொருமைகள், தொகுமுறை வகுத்தல், இரு மாறிகளில் நேரிய சமன்பாடுகள் எல்லாம் அந்த ஒரே இயலில் வருகின்றன. தொகுமுறை வகுத்தல் என்பது பல்லுறுப்புக் கோவையை வகுக்க ஒரு சுருக்கு வழி. கஷ்டமான கணக்கே இல்லை. கீழே இறக்கு, பெருக்கு, கூட்டு, அவ்வளவுதான். அந்தக் கூட்டலில் ஒரு மைனஸ் வந்ததும் பிள்ளை நின்றுவிடுகிறது. நின்ற பிள்ளைக்குத் தொகுமுறை வகுத்தலையே திரும்பத் திரும்ப நடத்திப் பயனில்லை.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். முதல் ஐந்தாறு ஆண்டுகள் 3 எக்ஸ் என்றால் மூன்று மாம்பழம், 2 ஒய் என்றால் இரண்டு தேங்காய் என்றுதான் நடத்தினேன். புரிந்துவிட்ட மாதிரியே இருக்கும். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: “அப்போ எக்ஸ் ஸ்கொயர்னா மாம்பழத்தை மாம்பழத்தால பெருக்கணுமா மிஸ்?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எக்ஸ் என்பது ஓர் எண். மாம்பழத்தின் விலையாக இருக்கலாம், எடையாக இருக்கலாம். மாம்பழமாக மட்டும் இருக்க முடியாது. அந்தப் பையனால்தான் நான் நடத்தும் முறையையே மாற்றினேன்.

இப்போது தக்காளி மண்டியிலிருந்து தொடங்குகிறேன். 20 பெட்டி கொண்டு போகிறோம். பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் சேர்த்துச் செலவு 1,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி விலை எக்ஸ். கையில் நிற்பது 20 எக்ஸ் − 1,600. விலை தினம் மாறுகிறது, அதனால் அதற்கு மாறி என்று பெயர். இதை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். பெட்டி 150 என்றால் 1,400 நிற்கும் என்று வாயாலேயே சொல்வார்கள். 80 என்றால் ஒன்றும் நிற்காது. “சரி, 60 போனா?” என்று கேட்டேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. யாரிடமும் பேசாத ஒரு பெண் எழுந்து, “நானூறு ரூபா நாமதான் கொடுத்துட்டு வரணும் மிஸ். அதனாலதான் எங்கப்பா அன்னிக்கு ரோட்டோரமா கொட்டிட்டு வந்தாரு” என்றாள். −400 என்று பலகையில் எழுதினேன். அன்றைக்கு மைனஸ் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

பழங்கால இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-ஆம் ஆண்டிலேயே மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் சொல்லித்தான் விதிகளை எழுதினார். கடன் என்றால் என்ன என்று தெரியாத பிள்ளை என் வகுப்பில் கிடையாது. 400 ரூபாய்க் கடன் மூன்றைத் தள்ளுபடி செய்தால் வீட்டுக்கு 1,200 லாபம். கடன் ஒரு மைனஸ், அதைத் தள்ளுவது இன்னொரு மைனஸ். மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் பிளஸ் என்பது அங்கே விளங்குகிறது.

அடுத்தது சமக்குறி. பிள்ளைகளுக்கு அது ‘விடை வருது’ என்ற அடையாளம். 3 எக்ஸ் + 5 = 20 = 15 = 5 என்று ஒரே வரியில் ஓட்டுவார்கள். சமக்குறியை முதலில் கொண்டுவந்த வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெகார்ட் 1557-ல் இரண்டு சம நீளக் கோடுகளைப் போட்டது, இரண்டு பக்கமும் சமம் என்று காட்டத்தான். தராசை வரைந்து, இந்தத் தட்டில் 5 எடுத்தால் அந்தத் தட்டிலும் 5 எடு என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்ற வாசகத்துக்குச் செப்டம்பர் வரை என் வகுப்பில் இடமில்லை.

இதற்கெல்லாம் நான்கு வாரம் ஆகிறது. அந்த நான்கு வாரத்தில் போர்ஷன் ஓர் அங்குலம் நகராது. ஆய்வுக்கு வருபவர்கள் கேட்டால் பதில் சொல்லித் தலைகுனிய வேண்டியிருக்கிறது. அதோடு பத்தாம் வகுப்புத் திருப்புதல் தொடங்கியதும் ஒன்பதாம் வகுப்பின் கணக்குப் பீரியடுகளும் அங்கே போய்விடுகின்றன. பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும்போது கூடவே போய், மூன்று வாரம் கழித்து வரும் பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தருவது? “ஒம்பதாவதுல கணக்கு வரலையாம், இனி எதுக்குப் படிப்பு” என்று ஒரு மகளை நிறுத்திய வீட்டுக்கு நானே போய் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுத வைத்ததும் அந்தப் பெண்தான்.

கல்வித் துறையிடம் கேட்பது இதுதான். ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தின் முதல் நான்கு வாரத்தைப் போர்ஷன் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தப் பீரியடுகளைப் பத்தாம் வகுப்புக்கு எடுக்கக் கூடாது என்று எழுத்து மூலம் சொல்லுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வரும் ஜூனில் உங்கள் நிருபர் ஒருவரைப் பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கம் ஏதாவது ஓர் அரசுப் பள்ளிக்கு அனுப்புங்கள். முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு, ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு கணக்குப் பீரியட் உட்காரட்டும். −7 + 3 எவ்வளவு என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் கேட்கட்டும். கேட்டதை அப்படியே எழுதட்டும்.

இப்படிக்கு,
கணிதப் பட்டதாரி ஆசிரியை,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)