ஆண்டறிக்கை: நல்ல ஆசிரியர் வகுப்பறையிலேயே உயர வேண்டும்

தலைவர் அவர்களே, சக ஆசிரியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. மழை கொட்டிய ஆடி மாதத்தில் மட்டும் ஒன்று தள்ளிப்போனது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டு நாம் அதிகம் பேசியது, அனுபவமுள்ள ஆசிரியருக்கு வகுப்பறைக்குள் என்ன ஏற்றம் இருக்கிறது என்பதைத்தான். 1994இல் உருவான இலங்கை ஆசிரியர் சேவையில் மூன்றாம் வகுப்பு என்ற பதவிநிலையிலிருந்து முதலாம் வகுப்பு வரை ஏறலாம், சம்பளமும் கூடும். ஆனால் செய்யும் வேலை மாறுவதில்லை. வேறு பொறுப்பு வேண்டுமென்றால் அதிபர் சேவைப் பரீட்சை எழுத வேண்டும், அல்லது ஆசிரியர் ஆலோசகராகப் போக வேண்டும். எப்படிப் போனாலும் பிள்ளைகள் அவரை இழக்கிறார்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆள் தேடியே தவணை கழியும் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்கு இது பெரிய அடி.

வெளிநாட்டு அனுபவங்களையும் அலசினோம். இங்கிலாந்தில் 1998இல் உயர்திறன் ஆசிரியர் என்றொரு பதவி வந்தது. அவர் 80 வீத நேரம் தன் வகுப்பில் கற்பிப்பார், மீதி 20 வீதத்தில் மற்ற ஆசிரியர்களுக்குக் கைகொடுப்பார். 2013இல் அதைக் கைவிட்டார்கள். ஸ்கொட்லாந்தில் ஆசிரியர்கள் பலர் சொந்தக் காசு செலவழித்துப் படித்து உயர்தகுதி பெற்றார்கள். சம்பளம் கூடியது, ஆனால் அதற்கென்று தனிக் கடமை வரையறுக்கப்படவில்லை. 2011இல் மீளாய்வுக் குழு அதை நிறுத்தச் சொன்னது. பட்டத்தோடு வேலையும் சேர்ந்து வர வேண்டும் என்பதே எனக்கு இதில் தெரிந்த பாடம்.

சரி, நம்மால் முடிந்ததைச் செய்தோம். மூத்த கணித ஆசிரியை ஒருவர் தன் வகுப்பைத் திறந்துவிட்டார். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்று வந்த இளம் ஆசிரியர்கள் பின்வாங்கில் அமர்ந்தார்கள். ஒரு பையன் −3 − 2 = −1 என்று எழுதினான். டீச்சர் அழிக்கவில்லை. “லயத்து வீட்டு வாசலிலிருந்து மூன்று படி கீழே நிற்கிறாய், இன்னும் இரண்டு படி இறங்கு, எங்கே நிற்பாய்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் அவனே அழித்து −5 என்று எழுதினான். அந்த மௌனத்தை எந்தக் கைந்நூலும் கற்றுத்தராது என்றார் வந்திருந்த ஒருவர். அப்புறம் அவர்கள் தங்கள் பாடசாலைகளுக்கும் டீச்சரை அழைத்தார்கள். அவரால் போக முடியவில்லை. அவருடைய பாடவேளைகளைப் பொறுப்பேற்க ஆளில்லை, தோட்டத்துக்குத் தோட்டம் போகும் முச்சக்கர வண்டிக் கூலியும் கைச்செலவு.

ஆகவே வலயக் கல்விப் பணிமனைக்கு மனு அனுப்ப நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. ஆசிரியர் சேவையின் முதலாம் வகுப்பில் இருந்து இதை விரும்பும் ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு நாள் அயல் பாடசாலைப் பணி, அன்றைக்குப் பதில் ஆசிரியர், பயணப்படி ஆகிய மூன்றையும் ஒன்றாகவே கேட்கிறோம். பதில் ஆசிரியர் இல்லாமல் அந்த ஒரு நாளை மட்டும் தந்தால் அவருடைய பிள்ளைகள்தான் நட்டப்படுவார்கள். மனுவின் வரைவு உங்கள் கைகளில் இருக்கிறது. திருத்தங்களைச் சொல்லி, சபை அதை அங்கீகரிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்