லேபர் வார்டு பொறுப்பேற்ற தோழிக்கு

தர்மபுரி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பாலக்கோட்டில் மாப்பிள்ளை அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்து நிற்பேன். ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்கு முழங்கால் வலி ஒன்றுதான் தொல்லை, மற்றபடி சௌக்கியம்.

அஞ்செட்டி மலைப்பக்கத்துக் கேஸெல்லாம் வந்து சேரும் ஆஸ்பத்திரியில் நீ லேபர் வார்டு இன்சார்ஜ் ஆகிவிட்டாய் என்று படித்ததும் மனசு அங்கேயே போய்விட்டது. "எமர்ஜென்சியில கை கழுவ ஏதுக்கா நேரம்?" என்று உன் வார்டு நர்ஸ் பிள்ளைகள் கேட்பதாக எழுதியிருந்தாய். 108-லிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட ஸ்ட்ரெச்சர் இறங்கினால் யாருக்கும் கைகால் பதறத்தான் செய்யும். ஆனால் கிருமி தொற்ற அதிக வழி இருப்பதும் அப்படி வருகிறவளுக்குத்தான். பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகியிருக்கும், ரத்தம் போய் உடம்பு ஓய்ந்திருக்கும், அதற்குமேல் நம் கையும் கருவியும் உள்ளே போகவேண்டியிருக்கும்.

நான் வேலையில் இருந்தபோது ஒருநாள் சித்தேரி மலையிலிருந்து ஒரு பெண்ணை இறக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டிலேயே குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடி விழாமல் உள்ளேயே நின்றுவிட்டது. வண்டி கிளம்பிவிட்டது என்று போன் வந்ததுமே எங்கள் சீனியர் சிஸ்டர் வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் குழாயடிக்குப் போனார். நகக்கண், விரலிடுக்கு, கட்டைவிரல் என்று முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்தார். துண்டைத் தொடவே இல்லை. கையை மேலே தூக்கியபடி காற்றில் உலரவிட்டு நின்றார். டிரே அன்று காலையிலேயே தயார்: நீளக் கிளவுஸ், பஞ்சு, பெட்டாடின், சிறுநீர் எடுக்கும் கத்தீட்டர், ஊசி மருந்து. ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தபோது ஒருவரும் எதையும் தேடி ஓடவில்லை. டாக்டர் கையை உள்ளே விட்டு நஞ்சுக்கொடியை எடுப்பதற்குள் ஆன்டிபயாடிக் ஒரு டோஸ் ஏறிவிட்டது. உன் பிள்ளைகள் கேட்கும் நேரம் அந்தப் போனுக்கும் வண்டிக்கும் நடுவில்தான் இருக்கிறது. போனே வராத ராத்திரிக்கு, டூட்டி மாறும்போதே எல்லாம் எடுத்துவைத்திருந்தால்தான் உண்டு.

முதல் வேலையாகக் குழாயடியில் தொங்கும் பொதுத்துண்டை எடுத்துவிடு. ஈரத்துண்டில் துடைத்தால் கழுவியதே வீண். கிளவுஸ் போடுகிறோமே, கை எதற்குக் கழுவணும் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை எந்தக் கிளவுஸிலும் இருக்கலாம், விடாதே. துணியும் கருவியும் வைக்கும் டிரம்மில், நீராவியில் கிருமி நீக்கிய (ஆட்டோகிளேவ் செய்த) தேதியை எழுதச் சொல். திறக்காத டிரம் ஏழு நாள், திறந்தால் 24 மணி நேரம், அவ்வளவுதான். உள்ளே துணி ஈரமாக இருந்தால் சூடு ஏறியதைக் காட்டும் டேப் கறுத்திருந்தாலும் திருப்பி அனுப்பு. பிளீச்சிங் கரைசல் லிட்டருக்கு மூன்று டீஸ்பூன், கருவி ஊறப் பத்து நிமிஷம், ஷிப்டுக்கு ஷிப்ட் புதுசு.

எனக்கு ரொம்ப நாளாக மனசு ஆறாத விஷயம் பி.வி. பார்ப்பது, அதாவது விரலை உள்ளே விட்டுக் கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர், தாலுகாவில் ஒருவர், இங்கே வந்ததும் டூட்டி டாக்டர், பிறகு படிக்கிற பிள்ளைகள் என்று ஒரே பெண்ணை எத்தனை கை! நன்றாகப் போகிற பிரசவத்தில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பனிக்குடம் உடைந்த நேரத்தையும், இதுவரை எத்தனை முறை பார்த்தார்கள் என்பதையும் ரெஃபரல் சீட்டிலேயே எழுதி அனுப்பு. அதைப் படித்தால், அவளை வாங்கிக்கொள்கிற ஆஸ்பத்திரியில் இன்னொரு முறை பார்க்கக் கை தயங்கும்.

சிசேரியன் என்று முடிவானால் ஆன்டிபயாடிக் கத்தி வைப்பதற்கு முன்னால் ஏறவேண்டும். தியேட்டருக்குத் தள்ளும் அவசரத்தில் தவறிப்போவது அதுதான், சிஸ்டர்தான் நினைவுபடுத்த வேண்டும். சிக்கலில்லாத சுகப்பிரசவத்துக்கும் ஐந்து நாள் காப்ஸ்யூல் எழுதும் வழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சுத்தத்துக்குப் பதில் மாத்திரை என்றாகிவிடும்.

வியன்னா கதையைப் பிள்ளைகளுக்குச் சொல். 1847 ஏப்ரலில் அங்கே டாக்டர்கள் பிரசவம் பார்த்த வார்டில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார் இறந்தார்கள். பிணஅறையிலிருந்து நேராக வந்த கைகளைக் குளோரின் தண்ணீரில் கழுவவைத்தார் அங்கே வேலைபார்த்த டாக்டர் செம்மல்வைஸ். ஜூனில் அது சுமார் இரண்டாக இறங்கியது. கிருமியால்தான் நோய் தொற்றுகிறது என்பதை அறிவியல் ஏற்பதற்கு முன்னாலேயே நடந்தது இது!

டிஸ்சார்ஜ் ஆனதும் நம் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதே. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தால், "பால் கட்டியிருக்கு, அதான்" என்று வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டிருப்பார்கள். காய்ச்சல், வீச்சமடிக்கும் தீட்டு, அடிவயிற்று வலி, படபடப்பு, பிதற்றல் இதில் எது வந்தாலும் உடனே வண்டி ஏறச் சொல். மாமியாரிடமும் சொல், முடிவெடுப்பது பெரும்பாலும் அவர்தான். கிராம சுகாதார செவிலியர் நம்பரை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடு. அப்படி ஒருத்தி திரும்பி வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறவேண்டும், பெட் காலியில்லை என்று வராந்தாவில் உட்காரவைக்கக் கூடாது.

டிரே செக்லிஸ்ட் என் கைப்பட எழுதியது ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன். அதற்குள் உன் வார்டில் முழங்கையால் திறக்கும் குழாய் இருக்கிறதா, ராத்திரியில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து எழுது.

உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்